வெள்ளை வீசும் நாள்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து விட்டத்தில் ஊத்தா ஒன்று தொங்கும். மூங்கில் சிம்புகளை வட்டமாக நிறுத்திக் கயிற்றால் இறுக்கிப் பின்னிய கூடை அது. அடியும் திறந்திருக்கும், மேலும் திறந்திருக்கும். அடிவாய் அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே அதைச் சேற்றில் குத்தி அழுத்த வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டிருந்தால் சிம்பில் மோதும். அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வந்ததும் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். விராலா கெளுத்தியா என்பதை மோதுகிற வேகத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். கெளுத்தி என்றால் தலைக்குப் பின்னால் பதமாகப் பிடிக்க வேண்டும். முள் குத்தினால் இரவெல்லாம் கடுக்கும்.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த ஊத்தா கீழே இறங்கும். மற்ற நாளில் எடுத்து விளையாடப் போனால் அப்பத்தா சத்தம் போடுவாள். "அதைத் தொடாதத்தா. வெள்ளை வீசுற அன்னைக்குத்தான் அது நமக்கு. மத்த நாளெல்லாம் கம்மாயிக்கு."

பல ஆண்டுகள் கழித்து எங்கள் கண்மாய்க் கரையில் 'இங்கு மீன் பிடிக்கத் தடை' என்று பலகை நட்டார்கள். அதை எதிர்த்துக் கிராம சபையில் நான் எழுந்து நின்றபோது கையில் ஒரு மனு இருந்தது. நெஞ்சில் இருந்தது அப்பத்தாவின் இந்தச் சொல்.

*

மேலூருக்கும் திருப்பத்தூருக்கும் இடைப்பட்ட கண்மாய்ப் பூமி எங்களுடையது. எங்கள் ஊருக்கு ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை ஒரு கண்மாய் தேக்கி, மிஞ்சியதைக் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு அனுப்பும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து 39,000க்கு மேல் என்பார்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது. மூன்று மடை, ஒரு கலுங்கு, கரைமேல் ஓர் அய்யனார் கோயில். என் அப்பா அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, அறுவடையில் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள்.

அந்தக் கண்மாய்க்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முதல் தண்ணீர் வந்து மடைக்கல் நனைந்த நாளிலிருந்து யாரும் வலையோடு உள்வாயில் இறங்கக் கூடாது. பையன்கள் கரையோரம் தூண்டில் போடலாம், அவ்வளவுதான். மாசி வாக்கில் நீர்ப்பரப்பில் செம்பந்து உருண்டதுபோல ஒரு கூட்டம் நகரும். விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போட்ட பையனை அப்பா ஒருமுறை கரையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பினார். அடிக்கவில்லை. "பிள்ளைத்தாச்சி வீட்டுல கல்லெறிவியாடா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

அறுவடை முடிந்து, கோடையில் தண்ணீர் வற்றி மடைப்பள்ளத்துக்குள் ஒடுங்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சேதி போகும். அன்று விடிவதற்கு முன்பே கரை நெடுக ஆள் நிற்கும். சைக்கிளில் வந்தவர்கள், மாட்டு வண்டியில் வந்தவர்கள், பின்னாளில் சரக்கு வண்டியில் வந்தவர்கள். ஊத்தா, கச்சா, வீச்சு வலை, அரிகூடை. எந்த ஊர், எந்தச் சாதி என்று அன்று யாரும் கேட்பதில்லை. அய்யனாருக்குச் சூடம் காட்டியதும் மூத்தவர் ஒருவர் கரைமேட்டில் ஏறித் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அதுதான் உத்தரவு. ஒரே இரைச்சல், அத்தனை பேரும் தண்ணீருக்குள் இருப்பார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா தன் ஊத்தாவுக்குள் என் கையை விடச் சொன்னார். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் ஏதோ வழுக்கி விலகியது. "விடாத, சுவரோட சேத்து அமுக்கு" என்றார். இரண்டு கையாலும் தூக்கினேன். என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், கறுத்த முதுகும் வெளுத்த வயிறுமாக வாலை அடித்தது. முகமெல்லாம் சேறு. அதை என் கையாலேயே கரைக்குக் கொண்டுபோய் அம்மாவின் கூடையில் போட்டேன்.

ஆண்கள் கரையேறிய பிறகு பெண்கள் இறங்குவோம். கலங்கிய நீரில் சேலையை விரித்து அயிரை அரிப்போம். உயிரோடு கொண்டுவந்த அயிரையைப் பாலில் விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்துத்தான் குழம்பு வைப்பார்கள். பிடித்த மீனை அன்று யாரும் விற்பதில்லை. ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும், நடமாட முடியாத கிழவிகளுக்கும் முதல் பங்கு போகும். சாயங்காலம் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு வாசம்தான். கண்மாய் மீனை எல்லாரும் தின்றால்தான் அடுத்த வருடம் மழை நிறையப் பெய்யும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

*

1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலங்கன்றுகளை நட்டார்கள். அவை வளர்ந்து குடை விரித்ததும் பறவைகள் வந்தன. முதலில் உண்ணிக்கொக்கும் நீர்க்காகமும். பிறகு நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வெள்ளை அரிவாள்மூக்கன். எனக்குக் கல்யாணமாகி, ஆசிரியர் வேலை கிடைத்து அதே ஊர்ப்பக்கம் திரும்பி வந்தபோது தை மாதத்தில் மரம் தெரியாத அளவுக்குக் கூடுகள் இருந்தன. வாத்தியாரம்மா என்று எல்லாரும் கூப்பிட, பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன்.

ஊரார் அந்தப் பறவைகளை ஒரு நாளும் விரட்டியதில்லை. எங்கள் பக்கத்தில்தான் வேட்டங்குடி இருக்கிறது. 1977இல் பறவைகள் சரணாலயமான இடம். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கள் பிள்ளைகளும் கண்மாய்க் கரையில் வெடி போடுவதை அதைப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல் தனியாகத் தூர் கட்டும் என்பதை அப்பா எழுத்தறியாமலேயே அறிந்திருந்தார்.

கேடு வந்தது வேறு வழியில். சில ஆண்டுகள் மீன்பாசிக் குத்தகை வெளியாளுக்குப் போனது. அவர் கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கிவிட்டார். போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்று பறவைகள் கூட்டில் இருக்கும்போதே நைலான் செவுள் வலைகளைக் கட்டினார். இரவில் கட்டி, காலையில் மீனை எடுத்துக்கொண்டு, கிழிந்த வலையை அப்படியே விட்டுப் போனார்கள்.

ஒரு மார்கழிக் காலையில் பிள்ளைகள் ஓடிவந்து கூப்பிட்டார்கள். இரண்டாம் மடைக்குப் பக்கத்தில் ஒரு பாம்புத்தாரா தண்ணீருக்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு துடித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத நைலான் இழை சிறகின் அடிமூட்டில் நாலைந்து சுற்றுச் சுற்றித் தோலை அறுத்திருந்தது. தலைமேல் சாக்கைப் போர்த்தினால்தான் அடங்கும் என்று ஒரு தம்பி சொன்னான். பறவைகளைப் பார்க்க மதுரையிலிருந்து வாரந்தோறும் வருகிற தன்னார்வலர்களில் ஒருவன். அவன் பறவையை மடியில் வைத்துக்கொள்ள, நான் முடிவெட்டும் கத்திரியால் ஒவ்வோர் இழையாக அறுத்தேன். கடைசி இழை எலும்பை ஒட்டி இருந்தது. அதை எடுத்ததும் பறவை அசையவில்லை. அவன் அதைக் கரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். "அக்கா, இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்" என்றான்.

அந்த வழிதான் தடையாக வந்தது. கண்மாயைச் சமுதாயப் பறவைக் காப்பிடமாக நடத்துவது என்று முடிவானது. குத்தகை ஒழிந்தது. அதில் எனக்கும் ஊருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதே தீர்மானத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஆண்டு முழுவதும், எந்தக் கருவியாலும், எவரும் மீன் பிடிக்கக் கூடாது. மீன்பிடித் திருவிழாவும் நிறுத்தப்படும். பலகை நட்ட அன்று அப்பா அதைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். "சரி, என்னைக்கு வரைக்கும்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பலகையில் அதற்குப் பதில் இல்லை.

*

ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் முதன்முதலாகப் பேசினேன். வேடந்தாங்கல் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அந்த ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள், 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். ஏரியையும் பறவையையும் நம்பி உழுதவர்கள் அவர்கள். அதனால்தான் காப்பாற்றினார்கள். "எங்களிடமிருந்து கண்மாயைப் பிரித்துவிட்டு யாரைக் காவலுக்கு வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

வந்திருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "அம்மா, பறவைகளுக்கு மீன் வேண்டாமா?" என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், பறவை தின்னு முடிச்சு, குஞ்சு பறந்து போனதுக்கப்புறம்தான் நாங்க இறங்குறோம். மிச்சம் கிடக்கிறதைத்தான் தின்கிறோம்." சபை ஆமாம் ஆமாம் என்றது. ஆனால் தீர்மானம் மாறவில்லை. தன்னார்வலத் தம்பி என்னைப் பார்க்காமல் வெளியே போனான். ஒன்றாகப் பறவைக்குக் கத்திரி பிடித்தவர்கள் எதிரெதிரே நின்றது எனக்கு மிகவும் வலித்தது.

அடுத்த கோடைதான் பெரிய சாட்சி சொன்னது. பங்குனி முடிவில் குஞ்சுகள் பறந்துவிட்டன. சித்திரையில் தண்ணீர் மடைப்பள்ளத்துக்குள் சுருங்கியது. அந்த ஆண்டு யாரும் இறங்கவில்லை. ஒரு விடியலில் அப்பா என்னை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப்போனார். பள்ளம் முழுக்க மீன்கள் வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி அப்பு அப்பு என்று காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. சூடான, ஆழமில்லாத தண்ணீரில் உயிர்வளி குறையும். இரவெல்லாம் பாசியும் அதையே இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் மூச்சு முட்டும். மூன்று நாளில் கெண்டையும் ரோகுவும் வயிறு ஊதி மிதந்தன. அப்போது தின்னப் பறவைகள் இல்லை. நாய்கள் இழுத்துத் தின்றன. ஊர் முழுக்க நாற்றம். மீன் குழம்பு வாசம் வீசிய அதே நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் நடந்தோம்.

எது பிழைத்தது என்பதுதான் இன்னும் கொடுமை. மேல் கண்மாயிலிருந்து வெள்ளத்தில் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். சேற்றுக்குள்ளேயே கிடந்து பிழைத்தது. நாட்டுக்கு ஆகாது என்று 2000ஆம் ஆண்டிலேயே நடுவணரசு வளர்க்கத் தடை விதித்த மீன் அது. முன்பு திருவிழா அன்று ஆயிரம் ஊத்தாக்கள் பள்ளத்தை அலசும்போது அதுவும் ஜிலேபிக் கெண்டையும் கரையேறிவிடும். இப்போது பெரும்பாலும் அவையே அடுத்த மழைக்கு மிஞ்சின. மறு ஆண்டு செம்பந்துபோல் உருளும் விரால் குஞ்சுக் கூட்டத்தை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன்.

இன்னொன்றும் நடந்தது. இரவில் வலை கட்டுவது தொடங்கியது. முன்பெல்லாம் முறை தவறி ஒருவன் இறங்கினால் ஊரே கேட்கும், ஏனென்றால் அவன் எடுப்பது எல்லாருடைய பங்கு. தடை வந்த பிறகு யாருக்கும் பங்கில்லை, அதனால் கேட்பாரும் இல்லை. வரத்துக்காலில் வேலிக்கருவை மண்டியது. வருடா வருடம் வீட்டுக்கு ஓர் ஆள் போய் வெட்டிய கால்வாய் அது. "அது காப்பிடக்காரங்க பாடு" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமில்லை.

*

நிறையப் படித்தேன். ராஜஸ்தானின் பரத்பூரில் என்ன நடந்தது என்று படித்தேன். கேவலாதேவ் பறவைக் காப்பிடம் தேசியப் பூங்காவானதும் 1982இல் மாடு மேய்ப்பதைத் தடுத்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகு, அங்கே நீண்ட காலம் ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே எருமைகள் மேயாததால் புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, பறவைகளுக்கு அது கெடுதலானது என்று கண்டது. அந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் தங்கள் எருமையைப் பற்றி இப்படிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் மேய்ச்சலும் அந்த நீர்நிலையின் வாழ்வில் ஓர் அங்கமாக இருந்திருக்கிறது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களுக்கு நீர்நிலை மீன் மீதும் சமூக உரிமை உண்டு என்கிறது. எங்கள் கண்மாய் காடல்ல, அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் காட்டுக்குள்ளேயே ஏற்றுக்கொண்ட நியாயத்தை ஊர்க் கண்மாயில் மறுக்கலாமா என்று மனுவில் கேட்டேன். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நாங்கள் 23 பேர் பேருந்தில் போனோம். பாதிப் பேர் பெண்கள். அப்பா விட்டத்திலிருந்து ஊத்தாவை இறக்கிக் கொண்டுவந்திருந்தார். அது என்ன என்று கேட்ட அலுவலர் ஒருவருக்கு அங்கேயே தரையில் குத்திக் காட்டினார். "ஒரு குத்துக்கு ஒரு மீன் சார். சிம்புக்கு நடுவுல குஞ்சு ஓடிப்போயிரும். இதுல எந்தப் பறவை மாட்டும்?"

மனுவை விட அந்த ஒரு கேள்விதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஆனால் உண்மையில் கதவைத் திறந்தது அந்தத் தம்பிதான். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தான். இரண்டு ஆண்டுகளாக அவன் எழுதி வைத்த பறவைக் கணக்கு நோட்டைக் காட்டினான். திருவிழா நடந்த பழைய ஆண்டுகளில் பிள்ளைகளை வைத்து நான் எடுத்த கணக்கையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். தடையால் பறவை கூடவில்லை. வரத்துக்கால் அடைபட்டுத் தண்ணீர் குறைந்த ஆண்டில் கூடுகள் குறைந்திருந்தன. "அக்கா, நான் வலையை நிறுத்தணும்னு நினைச்சேன். ஆளையே நிறுத்திட்டோம்" என்றான். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குத்தகைக்காரர் வலை கட்டிய ஆண்டுகளில் அது ஏலம் எடுத்தவர் பாடு என்று ஊரும் சும்மா இருந்தது, நானும் இருந்தேன். அந்தப் பாம்புத்தாரா செத்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

இருவரும் சேர்ந்து எழுதிய வரைவை அடுத்த கிராம சபையில் வைத்தோம். முதல் தண்ணீர் வந்த நாளிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும் வரை தடை. நைலான் செவுள் வலையும் கொசுவலையும் எந்நாளும் கூடாது. வெளியாளுக்குக் குத்தகை கிடையாது. மூன்றாம் மடைப்பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது, அங்கே மிஞ்சும் நாட்டு மீன் அடுத்த மழைக்கு விதை. வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள். மீதி நாளில் வெள்ளை வீசலாம். சபை ஏற்றுக்கொண்டது. கையெழுத்துப் போடத் தெரியாத அப்பா பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். பலகையை எடுக்கவில்லை. அதன் அடியில் இரண்டு வரி புதிதாக எழுதினோம். அப்பா கேட்ட 'என்னைக்கு வரைக்கும்' என்பதற்கான பதில் அதில் இருந்தது.

*

திருவிழா திரும்பி வந்த மூன்றாம் ஆண்டு. சித்திரையில் நாள் குறித்தாயிற்று, சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சேதி போயிற்று. முதல் நாள் சாயங்காலம் என் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் கரையிலிருந்து மூச்சிரைக்க வந்தார்கள். நடுக் கருவேலத்தில் ஒரு பாம்புத்தாராக் கூடு பிந்திப் பொரித்திருக்கிறது, உள்ளே மூன்று குஞ்சு, இன்னும் சிறகு முளைக்கவில்லை என்றார்கள்.

அப்பா அப்போது தடி ஊன்றித்தான் நடப்பார். கரைக்கு வந்து நெடுநேரம் அந்த மரத்தைப் பார்த்தார். பார்வை மங்கிய கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். இரவோடு இரவாகப் பெரியவர்கள் கூடினார்கள். எந்த அதிகாரியும் வரவில்லை, யாரும் மனு எழுதவில்லை.

விடியற்காலையில் கரை நெடுக ஆள் நின்றது. ஊத்தாவும் கச்சாவுமாக எத்தனையோ ஊர்க்காரர்கள். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கரைமேட்டில் ஏற்றினார்கள். எல்லார் கண்ணும் அவர் தோள்துண்டின் மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"மூணு பிள்ளைக இன்னும் தொட்டிலை விட்டு இறங்கலப்பா" என்றார். "போயிட்டு அடுத்த மாசம் வாங்க."

சிறிது நேரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு முன்வரிசையில் நின்ற ஒருவர் ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையிறங்கினார். அவர் பின்னால் இன்னொருவர். சைக்கிள்களும் வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

நாங்களும் வீட்டுக்கு வந்தோம். நான் ஸ்டூல் போட்டு ஏறி, ஊத்தாவை மறுபடி விட்டத்தில் மாட்டினேன்.